இடுப்பளவு அணை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவின் சர்க்கரை அளவை மறைக்காமல் எழுதுங்கள்.

எங்கள் படத்தில் அணை உடையும் காட்சி ஒருவழியாக முடிந்தது. மூன்று மாதமாக நான் கட்டிய மாதிரி அணை என் இடுப்பளவுதான். அதை ஒரே ஒரு முறைதான் உடைக்க முடியும். "பாத்தா குளியல்தொட்டி மாதிரி இருக்கும்மா. சொதப்பினா உன்னை வச்சுக்க முடியாது" என்று இயக்குநர் சொல்லியிருந்தார். கேமராவை ஐந்து மடங்கு வேகமாக ஓட்டிப் படம்பிடித்தால், திரையில் தண்ணீர் மலை சரிவதுபோல் மெதுவாக இறங்கும் என்றேன். இங்கே யாரும் அப்படிச் செய்து பார்த்ததில்லை.

நேற்று கேமரா ஓடத் தொடங்கியதும், தண்ணீரைத் தடுத்திருந்த பலகையை இழுக்கும் கயிறு அறுந்துவிட்டது. ஃபிலிம் தீர்வதற்குள் அணைக்குப் பின்னால் குதித்து, கேமராவில் படாமல் குனிந்து, பலகையை நானே பிடுங்கினேன். இடது கையில் சின்னக் கீறல்தான். நாலு தையல். கவலைப்படாதீர்கள்.

இன்று காலை அதைத் திரையில் போட்டுப் பார்த்தோம். "இன்னொரு தரம் போடுங்க" என்றார் இயக்குநர். மூன்றாம் முறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த படத்துல ஒரு ஊரே எரியணும். முடியுமா?"

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டேன்.

ஒற்றைக் கையால் தலை பின்னுவது எப்படி என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். இங்கே பின்னிவிட யாரும் இல்லை. உடனே எழுதுங்கள் அப்பா, இரண்டு வரியானாலும் போதும். கட்டு மாற்ற நர்ஸ் கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்