ஒக்கூருக்குச் சொல்ல வேண்டிய சேதி

என் கண்ணு முத்துக்கருப்பா,

உன் மகள் மீனாள் நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். கழுத்தில் கட்டு. "அப்பத்தா, சங்கிலி போட்டா தழும்பு மறைஞ்சுரும்ல?" என்கிறாள். அவளுக்கு அதுதான் கவலை.

நீ கண்மூடுமுன் மதுரையில் உன் ரத்தத்தை எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்களே, முடிவு வந்தது. ரத்தத்தில் மரபணு என்று ஒன்று இருக்கிறதாம். உன்னுடையதில் பிறவியிலேயே ஒரு பிசகு. யாருக்கோ ஒருவருக்கு வருகிற அந்தக் கழுத்துப் புற்று உனக்கு வந்தது அதனால்தான். மீனாளிடமும் அதே பிசகு. புற்று வருமுன்பே கழுத்துச் சுரப்பியை எடுத்துவிட்டார்கள். இனி தினமும் மாத்திரை சாப்பிட்டால் போதுமாம்.

உனக்கு ஏன் முன்னாலேயே பார்க்கவில்லை என்று கேட்க எனக்கு வாயில்லை.

உன் கழுத்துக் கட்டியைக் காட்டப் போன முதல் நாளே செக்காலை டாக்டர் கேட்டார்: "குடும்பத்துல யாருக்காச்சும் கழுத்துல கட்டி இருந்துச்சா ஆச்சி?"

"எங்க வீட்டுல யாருக்கும் இல்லை" என்றேன்.

மஞ்சள்நீர் குடித்து எனக்குத் தத்துப்பிள்ளையாக வந்தவன் நீ. அன்றைக்கே உன் பிறந்த வீடு முடிந்தது என்பது என் கணக்கு. ஆனால் ஒக்கூரில் உன்னைப் பெற்றவள் கழுத்துக் கட்டியோடு செத்தது எனக்கு மறக்குமா? அந்தத் துட்டிக்கு நீ போனதை வருஷக்கணக்காகச் சொல்லிக்காட்டியவள் ஆயிற்றே நான்.

டாக்டர் சாதாரணக் கட்டி என்று மருந்து கொடுத்தார். ஒரு வருஷம் வீணாய்ப் போனது. நான் பதில் சொன்னபோது நீ என் முகத்தைப் பார்த்தாய். பேசாமல் இருந்துவிட்டாய். எனக்காகவா அப்பு?

இப்போது மதுரை டாக்டரம்மாவும் கேட்டார்கள்: "அப்பாவோட கூடப் பிறந்தவங்க இருக்காங்களா? அவங்களையும் சோதிச்சுப் பார்க்கணும்."

உன் பெண்டாட்டி என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "இந்தத் தடவையும் இல்லைன்னு சொல்லிராதீக அத்தை" என்றாள்.

சொல்லிவிட்டேன். ஒக்கூரில் தம்பி வள்ளியப்பன், அவனுக்கு இரண்டு பிள்ளைகள் என்று.

உன் கல்யாணத்தில் பெற்றவள் உன்னை ஒக்கூரில் வைத்த பழைய பெயர் சொல்லிக் கூப்பிட்டாளே, அந்தக் கோபம் தீர்ந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அதை வைத்துக்கொண்டே நாளைக் காலை பஸ் ஏறுகிறேன். வள்ளியப்பன் வாசலில் நிற்கவைத்து, "என் அண்ணனைக் கொன்னுட்டு இங்குட்டு எதுக்கு வந்தீக?" என்று கேட்பான். கேட்கட்டும். மூன்று பேரையும் ரத்தம் கொடுக்க மதுரைக்குக் கூட்டிப் போகாமல் திரும்ப மாட்டேன்.

பெறாமல் உன்னை வளர்த்த,
ஆத்தா