அப்பாவைக் கடித்த கடல்நாய்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நல்ல சுகம், உட்காருவது ஒன்றைத் தவிர அப்பாவும் மற்ற எல்லாவற்றிலும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அப்பா ஸ்ட்ரெச்சரில் குப்புறப் படுத்திருக்கும் போட்டோவைப் பக்கத்து வீட்டு டெய்லர் உனக்கு அனுப்பிவிட்டாராம், அதைப் பார்த்து நீ அழுது, இனிமேல் இவர்களைத் தனியாக விட முடியாது, மாதக் கடைசியில் வந்து வீட்டை விற்றுவிட்டுக் கையோடு கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாயாம், அதையும் அவரே வந்து சொன்னார். போனில் நீ என்னை வாயைத் திறக்க விடமாட்டாய், அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டு முடிவு பண்ணு.

செவ்வாய்க்கிழமை காலையில் படகு ஏற்றும் சரிவில் ஒரு கடல்நாய், அதுதான் சீல் என்பார்களே, படுத்திருந்தது. எந்தக் குளிர்க் கடலிலிருந்து வழிதவறி வந்ததோ, நம் ஊரில் இதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. நம் வீட்டு சோபா அளவு இருக்கும், மீசை மட்டும் அப்படியே உன் பெரியப்பா. கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தது. உன் அப்பாவைப் பற்றித்தான் தெரியுமே, அடுத்தவருக்கு ஒரு கஷ்டம் என்றால் கை சும்மா இருக்காது. தண்ணீரை விட்டு வந்துவிட்டது, பாவம், காய்ந்தே செத்துவிடும் என்று ஒரே தவிப்பு. காலமெல்லாம் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த மனுஷன், கடலிலிருந்து எது வந்தாலும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பழைய கூட்டாளிகளைக் கூப்பிட்டுத் தள்ளுவண்டி நிறைய உடைத்த ஐஸைக் கொண்டுவந்து கழுத்துவரை கொட்டி, மேலே ஈரச் சாக்கையும் போர்த்திவிட்டார். மீனாக இருந்தால் ஒரு வாரம் கெடாமல் இருந்திருக்கும். அது கண்ணைத் திறந்து ஒரு பார்வை பார்த்தது. நன்றி சொல்கிறது என்றார் அப்பா. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்தப் பார்வை தெரியாதா, தள்ளி வாங்க என்று தொண்டை வலிக்கக் கத்தினேன். அவரோ அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, யாரும் பயப்பட வேண்டாம், சாதுவான பிராணி என்று கூட்டத்துக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் கவ்வியது. தையல் போட்டிருக்கிறது, ஊசியும் போட்டாயிற்று, டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போட்டதால் கொஞ்சம் கோணலாக இருக்கிறது, மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை.

பிறகு வனத்துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள், உன் வயதுதான் இருக்கும். எங்களை வரிசையாக நிற்க வைத்து, விட்டாள் பார் ஒரு டோஸ். “அதுக்கு ஒண்ணுமே இல்லைங்க. குளிருதுன்னு வெயில் காய வந்து படுத்திருக்கு. நல்லா இருந்ததைப் போய்க் காப்பாத்தியிருக்கீங்க,” என்றாள். கிட்டப் போகக் கூடாதாம், சரிவிலிருந்து டெய்லர் கடை இருக்கிற தூரத்திலாவது நிற்க வேண்டுமாம். தொடக் கூடாது, தின்ன எதுவும் போடக் கூடாது, வீட்டு நாயைக் கட்டிப்போட வேண்டும், அதற்கும் கடலுக்கும் நடுவில் போய் நிற்கவே கூடாது. அடிபட்டிருந்தாலோ, மூச்சுக்குத் திணறினாலோ எங்களைக் கூப்பிடுங்கள், நீங்களாக வைத்தியம் பார்க்காதீர்கள் என்றாள். பேரனைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனால் நீயும் இதை ஞாபகம் வைத்துக்கொள், அவனுக்கும் தாத்தாவின் கைதான். நாங்கள் எல்லோரும் தள்ளிப் போன பிறகு அது ஐஸை உதறிவிட்டு, வயிற்றைச் சொறிந்துகொண்டு, மதியம்வரை சுகமாகத் தூங்கியது. தண்ணீர் ஏறியதும் தானாகவே இறங்கிப் போய்விட்டது.

அது இப்போது தினமும் வருகிறது. அப்பா ஜன்னல் ஓரமாகக் குப்புறப் படுத்துக்கொண்டு, யாராவது கிட்டப் போனால் விசில் ஊதுகிறார். ஊருக்கே இப்போது அவர்தான் காவல். ஆனால் நீ வீட்டை விற்கப் போகிறாய் என்று டெய்லர் சொன்ன அன்றைக்கு விசிலைத் தொடவே இல்லை, சாப்பாட்டையும் சரியாகத் தொடவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாயங்காலம் ஜன்னலைப் பார்த்தபடியே, “நாம ஒண்ணும் கரை ஒதுங்கிக் கிடக்கலை, வெயில்தான் காயறோம்னு அவளுக்கு எழுது,” என்றார். எழுதிவிட்டேன்.

நீ கோபித்துக்கொள்ளாதே கண்ணு. உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை, இவரும் பாசத்தில்தான் ஐஸைக் கொட்டினார். மாதக் கடைசியில் கண்டிப்பாக வா, அட்டைப்பெட்டி மட்டும் கொண்டுவராதே. வந்த அன்றைக்கு டெய்லர் கடை வாசலில் நின்று கொஞ்ச நேரம் எங்களைப் பார், பிறகு உள்ளே வா. நிஜமாகவே முடியாமல் போகிற நாளும் வரும். அன்றைக்கு நானே உன்னைக் கூப்பிடுவேன், ஒளிக்க மாட்டேன், இது சத்தியம்.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அம்மா அப்பாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. வரும்போது அப்பாவுக்கு ஒரு பேண்ட் வாங்கி வா, பழையதில் பாதியை அது திருப்பித் தரவில்லை.

இப்படிக்கு,
வெயில் காய்ந்துகொண்டிருக்கும்
உன் அம்மா