இரண்டு அடுப்படிக்கு வானம்

10-2-1958
முருகன் துணை. மனையில் புதர் வெட்டியாயிற்று. சரிவின் மேல்பக்கத்தை வெட்டிக் கீழ்ப்பக்கம் நிரப்பிச் சமன் செய்கிறார்கள். அப்பா ‘என் மகள் வள்ளிக்கு’ என்று எனக்கே எழுதி வைத்த இடம். காரட் மூட்டை வாடையடிக்கும் வாடகை வீட்டில் இத்தனை வருஷம் இருந்தாயிற்று. இனி என் வீடு.

14-2-1958
கொத்தனார் செபாஸ்டின் கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டார். பின்பக்கம் இன்னொரு அறை, இன்னொரு அடுப்படி. எதற்கு என்றேன். “சீசனுக்கு மலைக்கு வர்றவங்களுக்கு வாடகைக்கு விடலாம்ல,” என்றார் இவர். நல்ல யோசனைதான்.

“வாடகைக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிசு? ஒரு ஆள் உக்காந்து சமைச்சாப் போதாதா? கல்லாவது மிச்சமாகும்.” என்று சொல்லி நானே கோட்டை உள்ளே தள்ளிப் போட வைத்தேன்.

17-2-1958
அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிறார்கள். கூலி எழுதியாயிற்று.

21-2-1958
பழனியிலிருந்து நாத்தனார், சிவபாக்கியம் மதினி வந்தாள். வானத்தைச் சுற்றி வந்தவள் பின்பக்கம் நின்றாள்.

“ஏலே தம்பி, வள்ளிக்கு இம்புட்டூண்டு அடுப்படியா? அவளும் மனுஷிதானடா. மூச்சு முட்டாதா?”

இவர் மண்வெட்டியைப் பார்த்தார். செபாஸ்டின் நூலைச் சுருட்டினார். அவருக்கும் தெரியும் போல. எனக்குத்தான் —

பிறகு மதினியே விவரம் சொன்னாள். இவருக்கு இரண்டாம் தாரமாகப் பேசி வைத்திருக்கும் வடிவு, மதினியின் கொழுந்தனார் மகள். அடக்கமான பெண்ணாம். “பிள்ளை வேணும்ல, வள்ளி. முன் அடுப்படி அவளுக்கு. உன்னைய வெளியே போன்னா சொல்றோம்? உனக்கும் சேத்துத்தானே வானம் தோண்டியிருக்கு?”

எனக்கான இடத்தை நானே குறுக்கியிருக்கிறேன்.

22-2-1958
விளக்கு ஏற்றவில்லை.

23-2-1958
முருகா, உன்னிடம் என்னத்தைச் சொல்லி அழ? உனக்கே இரண்டு பக்கமும் ஆள் நிற்கிறது.

26-2-1958
“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”
“சொன்னா நீ இடம் குடுப்பியா?” என்றார்.
இதையாவது பொய் இல்லாமல் சொன்னார்.

6-3-1958
அடிக்கல் நாட்டும் நாள். மஞ்சள், பூ, நவதானியம் எல்லாம் நான்தான் எடுத்து வைத்தேன். கல்லில் கை வைக்கப் போனேன். “நீ செத்த தள்ளி நில்லு. பிள்ளைக்குட்டிக்காரி கை வைக்கட்டும்,” என்றாள் மதினி.

தள்ளி நின்றேன். அங்கிருந்தே செபாஸ்டினைக் கூப்பிட்டேன்.
“மண்ணை அள்ளிப் போட்டு மூடுங்க.”
“பின்பக்கத்தையாம்மா?”
“முழுசா.”

“பைத்தியமாடி உனக்கு!” என்று இவர் கத்தினார். “இடம் யாருதுன்னு கொத்தனார்கிட்ட நீங்களே சொல்லுங்க,” என்றேன். செபாஸ்டின் மண்வெட்டியை எடுத்தார்.

19-3-1958
இவர் பழனிக்குப் போனார். துணிமணிகளையும் எடுத்துக்கொண்டுதான்.

2-5-1958
மனை முழுக்க பீன்ஸ் போட்டிருக்கிறேன். வானம் தோண்டி மூடிய இடத்தில் மட்டும் மண் இளகிக் கிடப்பதால் கொடி கருகருவென்று வருகிறது. மேட்டில் நின்று பார்த்தால் வீடு அப்படியே தெரிகிறது. இரண்டு அடுப்படியும்.