நினைவாற்றல் வகுப்புக்குத் தனியாகப் போகிறேன்

ரெமிஹியோ,

இறைச்சியும் பூசணியும் போட்ட குழம்பு அடுப்பில் இருக்கிறது. மாத்தே தேநீர் போட வெந்நீர் குடுவையில் இருக்கிறது.

நினைவாற்றல் வகுப்புக்கு நான் தனியாகவே போகிறேன். போன வாரம் எல்லோர் பெயரையும் வரிசையாகச் சொல்லும் விளையாட்டில் நீங்கள் தடுமாறினீர்கள், நான் எடுத்துக்கொடுத்தேன். “எனக்கென்ன மூளை மழுங்கிப் போச்சா? எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிட்டியே! இனி அந்தப் பக்கமே வரமாட்டேன்” என்று வழியெல்லாம் கத்தினீர்கள்.

உங்களுக்காக அங்கே சேர்ந்தோம் என்று நினைக்கிறீர்கள். இல்லை, எனக்காக. ஈஸ்டர் வாரத்தில் சந்தையிலிருந்து திரும்பும்போது நம் தெரு எதுவென்றே எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு நீல்டாதான் கைபிடித்துக் கூட்டிவந்தாள். உங்களிடம் சொல்லப் பயம்.

எர்மெலிந்தா

பி.கு.: வகுப்பு முடிந்து ஆறு மணிக்கு வந்து இறங்குவேன், பஸ் நிறுத்தத்தில் வந்து நில்லுங்கள். கோபத்தோடு வந்தாலும் சரி.