சோற்றுப் பருக்கையில் ஒட்டிய வெள்ளிக்கிழமைகள்

இன்று மதியம் கம்ப்யூட்டர் லேபில் ஏழாம் நம்பர் மானிட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதன் கீழ் ஓரத்தில் நீ ஒட்டிய சீட்டின் முனை துணியில் மாட்டிப் பெயர்ந்துவிட்டது. கூடவே ஒரு சோற்றுப் பருக்கையும் என் நகத்தில் வந்தது. காய்ந்து கல்லாகியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். வாசனை எதுவும் இல்லை. ஆனாலும் பக்கத்தில் யாரோ உன் டிபன் பாக்ஸைத் திறந்தது போல இருந்தது. தயிர்ச் சோறு, ஓரத்தில் ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாய்.

"பசை எடுத்துட்டு வரேன்டி" என்று நான் சொன்னால், "சோறு இருக்கறப்ப பசை இன்னாத்துக்கு?" என்பாய். சீட்டுக்கு எறும்பு வந்த அன்று கம்ப்யூட்டர் மிஸ், "மானிட்டருக்கு யாருடி சோறு ஊட்னது?" என்று கேட்டார். நீ எழுந்து நின்று, "அதுவும் காலையிலேர்ந்து வேலை செய்யுது மிஸ்" என்றாய். வகுப்பு சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

பதினோராம் வகுப்பில் சேர்ந்த புதிதில் லினக்ஸ் நமக்கு ஒரு பெரிய மளிகைக் கடை போலத் தெரிந்தது. எல்லா மென்பொருளும் பொட்டலம் பொட்டலமாக வரும். ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் நிறைய கோப்புகள் இருக்கும். ஏதாவது ஒரு நிரல் 'இந்தக் கோப்பு இல்லை' என்று சொல்லி நின்றுவிட்டால், அது எந்தப் பொட்டலத்துக்குள் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கென்று ஒரு பட்டியல் உண்டு. கோப்பின் பெயரைக் கொடுத்தால் அது பொட்டலத்தின் பெயரைச் சொல்லும். நம் லேபில் ஏழாம் நம்பரில் மட்டும்தான் அந்தப் பட்டியலை வைத்திருந்தோம்.

லேபில் இருந்ததோ அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும் வகை லினக்ஸ். இந்த வாரம் ஒரு பொட்டலத்தில் இருக்கும் கோப்பு அடுத்த வாரம் வேறொன்றுக்குக் குடிபோய்விடும். பட்டியல் தானாக மாறாது. நாம்தான் கட்டளை கொடுத்துப் புதுப் பட்டியலை இறக்க வேண்டும். அது தெரியாமல் ஆரம்பத்தில் நாம் இருவரும் ஒரு முழு மதியத்தை வீணாக்கினோம். பட்டியல் சொன்ன பொட்டலம் எங்குமே இல்லை. "பொய் சொல்லுதுடி இது" என்று நான் கோபப்பட்டேன். "பொய் இல்லடி. அதுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்" என்றாய்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு ஏழாம் நம்பருக்கு முன்னால் என்றானது. நீ கட்டளையைத் தட்டுவாய். நெட் மெதுவாக வரும். திரையில் எண்கள் ஒவ்வொன்றாக ஏறும். ஜன்னலில் மலை தெரியும். மேகத்தின் நிழல் மலைமேல் ஊர்வதையும் எண்கள் ஏறுவதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தால், இரண்டும் ஒரே வேலையைச் செய்வது போலத் தோன்றும். முடிந்ததும் ஒரு சீட்டில் தேதி எழுதி, ஒரு பருக்கையை நசுக்கி, போன வாரத்துச் சீட்டின் மேலேயே ஒட்டுவாய். பழையதைக் கிழிக்க விட்டதே இல்லை. "அடியில இருந்துட்டுப் போவட்டும்" என்பாய்.

உனக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று, உங்கள் ஊரான அடி அண்ணாமலைக்கு நான் வந்த அன்றுதான் எனக்குப் புரிந்தது. அன்று பௌர்ணமி. கிரிவலப் பாதையில் உங்கள் கடை. உன் அம்மா எலுமிச்சை ஜூஸ் கலக்கிக்கொண்டிருந்தார். பௌர்ணமிக்கு வெளியூர்ப் பேருந்துகள் ஊருக்குள் வராது, ஒவ்வொரு சாலையிலும் ஊருக்கு வெளியே ஓர் இடத்தில் நிற்கும். அந்த இடமும் மாதத்துக்கு மாதம் கொஞ்சம் தள்ளிப்போகும். கால் வீங்கிய ஒரு பெரியவர் வந்து, "கீழ்பென்னாத்தூர் பஸ் எங்கம்மா நிக்குது?" என்று கேட்டார். எனக்குத் தெரியும் என்ற ஆவலில் நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். நீ உள்ளேயிருந்து ஓடி வந்தாய்.

"இருங்க ஐயா. இவளுக்குப் போன மாசத்துதுதான் தெரியும்."

அன்று காலையிலேயே நீ சைக்கிளில் போய் எல்லாச் சாலைகளையும் பார்த்துவிட்டு வந்திருந்தாய். அவர் போன பிறகு என் காதைத் திருகினாய். "நடந்து நடந்து காலு வீங்கிப்போயி வராங்க. போன மாசம் பாத்ததைச் சொல்லி இன்னும் ஜாஸ்தி நடக்க வைப்பியா? இன்னைக்குப் போய்ப் பாத்துட்டுதான் சொல்லணும்."

கடைசி வெள்ளிக்கிழமை நீ பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். சாயங்காலம் உன் அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டாய்.

"லிஸ்ட்டு புதுசு பண்ணியா?"

"பண்ணிட்டேன்."

"சீட்டு?"

"ஒட்டிட்டேன்டி. நீ படு."

"சோத்தாலயா, பசையாலயா?"

"சோத்தாலதான்."

நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாக மாறியது. அப்புறம் உன் அம்மா போனை வாங்கிக்கொண்டார்.

நான் புதுப்பிக்கவும் இல்லை, ஒட்டவும் இல்லை. மதியம் முழுவதும் நூலகத்தில் இருந்தேன். ஒரு கதையில் இருபது பக்கம் பாக்கியிருந்தது. திங்கட்கிழமை செய்துகொள்ளலாம், நீ வருவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஞாயிறு உன்னை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். செவ்வாய்க்கிழமை காலை பிரேயரில் உன் பெயரைச் சொல்லி அஞ்சலி செலுத்தினார்கள்.

அதன் பிறகு மூன்று மாதம் நான் அந்தக் கட்டளையைத் தட்டவே இல்லை. பட்டியல் கோப்புக்குப் பக்கத்தில் கணினி ஒரு தேதி காட்டும், கடைசியாக மாற்றிய நாள். அது நீ தட்டிய நாள். நான் தட்டினால் அது போய்விடும். இடைவேளையில் தினமும் போய் அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு வருவேன். அதைப் பார்க்கும்போது, நீ பக்கத்து பெஞ்சில் எதையோ தேடிக் குனிந்திருப்பது போலவும் அடுத்த நொடி நிமிர்ந்துவிடுவாய் என்பது போலவும் இருக்கும். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை நான் உன்னிடம் சொன்ன பொய்யும், மாறாமல் நின்ற அதே தேதியில்தான் தெரிந்தது. ஒன்றைப் பார்க்காமல் மற்றதைப் பார்க்க முடியவில்லை.

நேற்று நம் வகுப்புக் கோகிலாவுக்கு ஒரு சிக்கல் வந்தது. பார்வை இல்லாத அவளுக்குத் திரையில் இருப்பதைத் தமிழில் படித்துக் காட்டும் நிரல்தான் கண். மிஸ் வேறெதையோ மாற்றப் போய் அதன் குரல் நின்றுவிட்டது. ஏதோ ஒரு கோப்பு இல்லையாம். திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு. மிஸ் என்னைத்தான் கேட்டார். நான் பட்டியலைக் கேட்டேன். அது ஒரு பெயரைச் சொன்னது. மிஸ் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்டி ஒரு பொட்டலமே இல்லியேம்மா" என்றார். மறுபடி கேட்டேன். மறுபடியும் அதே பெயர்.

மிஸ் போன பிறகு கோகிலா சொன்னாள்: "குரல் வரலன்னா பக்கத்துல ஒருத்தியை உக்கார வச்சுப் படிச்சுக் காட்டச் சொல்வாங்க. அவ கொட்டாவி விட்டா நானும் நிக்கணும், அவ தும்முனா நானும் நிக்கணும். என் பரீட்சையை நானே எழுதக் கூடாதா?" பிறகு என் பக்கம் திரும்பி, "ஆமா, உன் லிஸ்ட்டு எந்த மாசத்துதுடி?" என்று கேட்டாள்.

தேதியைச் சொன்னேன். அது யாருடைய வாரம் என்று அவளுக்கும் தெரியும். விரலால் மேசையைத் தடவினாள்.

"அவ இருந்தா உன் காதைப் பிய்ச்சிருப்பா" என்றாள்.

இன்று வெள்ளிக்கிழமை. மானிட்டரைத் துடைத்து முடித்து, உன் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டளையைத் தட்டினேன். எண்டருக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. அழுத்தினேன். எண்கள் ஏறின. மலைமேல் நிழல் எதுவும் இல்லை, வெயில் மட்டும் இருந்தது. முடிந்தபோது உன் தேதி இல்லை, இன்றைய தேதி இருந்தது. நான் பயந்தது போல எதுவும் ஆகவில்லை. நீ பக்கத்து பெஞ்சிலும் இல்லை. அது தெரிந்ததும் கொஞ்சம் அழுதேன்.

பிறகு கோப்பின் பெயரைக் கொடுத்தேன். வேறொரு பொட்டலத்தின் பெயர் வந்தது. மிஸ் அதை இறக்கினார். கோகிலா ஹெட்போனை மாட்டிக்கொண்டு உற்றுக் கேட்டாள்.

"சளி புடிச்சவன் மாதிரி பேசுதுடி இது."

"அப்ப வேணாமா?"

"ஐயோ, இருக்கட்டும். கொட்டாவி விடாது பார்" என்று சிரித்தாள்.

அவள் போய்விட்டாள். லேபில் நான் மட்டும் இருந்து இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. நீ போன பிறகு மூன்று பௌர்ணமிக்கும் நான் உங்கள் கடைப் பக்கம் வரவில்லை. உன் அம்மா முகத்தைப் பார்க்கப் பயம். இந்த முறை வருவேன். ஆனால் அதற்கு முன், காலையிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு எந்த பஸ் எங்கே நிற்கிறது என்று எல்லாச் சாலைகளிலும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

மணி அடிக்க இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது. டிபன் பாக்ஸில் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன். பெயர்ந்த உன் சீட்டின் முனையை முதலில் அழுத்தி ஒட்டினேன். அதன் மேல் இன்றைய தேதி எழுதிய சீட்டு. நீ கேட்ட கேள்விக்கு அன்று பொய்யாகச் சொன்ன பதிலை இப்போது திரும்பச் சொல்கிறேன்.

ஒட்டிட்டேன்டி. சோத்தாலதான்.