ஒரு நாள் முழுக்க வரவில்லை

மக்காசர் ஆஸ்பத்திரி
4 ஜூன் 1998

பிரியமுள்ள மச்சான் பஹாருக்கு,

தீவில் எல்லோரும் சுகமா? நான் இங்கே படுத்து இருபத்திரண்டு நாளாகிறது. நீ ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. கடலட்டை முங்கி எடுக்கும் சீசன்தான், தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

இடது காலில் கொஞ்சம் உணர்ச்சி வந்திருக்கிறது. அடுத்ததை உனக்கு மட்டும் சொல்கிறேன். சிறுநீர் தானாக வருவதில்லை. நர்ஸ் மார்த்தினா படம் போட்டுக் காட்டினாள். சிறுநீர்ப்பை நிறைந்தால் முதுகுத்தண்டு வழியாக மூளைக்குச் சேதி போகுமாம். தோதான இடம் வரும்வரை மூளை பொறுக்கச் சொல்லுமாம். பிறகு அது விடச் சொன்னால் பை சுருங்கும், வாய் திறக்கும். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்ததில் காற்றுக்குமிழிகள் என் தண்டைக் கெடுத்துவிட்டன. சேதி போவதுமில்லை, வருவதுமில்லை. நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் நானே குழாய் விட்டு எடுக்கிறேன். "வெட்கப்பட்டுட்டே இருந்தா கிட்னி போயிடும், பரவாயில்லையா?" என்று அதட்டுகிறாள்.

உன் தங்கை நூர்ஹயாத்திக்கு இது தெரிய வேண்டாம். அவளை உங்கள் அம்மா வீட்டுக்கே கூட்டிப் போய்விடு. இருபத்தாறு வயதுதான் அவளுக்கு.

அன்புடன்
சைனல்

தீவு
7 ஜூன்

மச்சான்,

நான் வராததற்குக் காரணம் கடலட்டை இல்லை. படகிலிருந்து உனக்குக் குழாயில் காற்று அனுப்பும் இயந்திரம் நின்றதும் பதறிப்போய் உன்னை ஒரே மூச்சில் மேலே இழுத்தவன் நான். எந்த முகத்தோடு வருவேன்?

நூரை அம்மா வீட்டுக்கு வரச் சொன்னேன். "அவரு சொன்னாரா, நீயா சொல்றியா?" என்று கேட்டுவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள்.

எனக்கும் உடம்பு சரியில்லை. நேற்று ரொம்ப ஆழம் போனேன். அதிலிருந்து இடுப்பு வலி. இன்று காலையிலிருந்து ஒன்றுக்கே வரவில்லை, அடிவயிறு கல்லாக இருக்கிறது. சூடுதான். இளநீர் குடித்தேன். நாளை மதியம் கடலட்டை எடுக்கத் திட்டுக்குப் போகிறோம். "திரும்ப முங்கினா சரியாயிடும்" என்கிறார் முதலாளி.

பஹார்

மக்காசர்
8 ஜூன், காலை

பஹார்,

முங்காதே. அது சூடு இல்லை. எனக்கும் முதலில் இதுதான் வந்தது. கால் போனது அதற்குப் பிறகு. உன் தண்டிலும் அடி விழுந்திருக்கிறது.

இதைக் கொண்டு வரும் படகிலேயே ஏறு. துறைமுகத்துப் பக்கத்து ஆஸ்பத்திரியில் காற்றுக்குமிழிகளைக் கரைக்கும் அழுத்த அறை இருக்கிறது. மார்த்தினா சொல்லி வைத்துவிட்டாள். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் நஷ்டம்.

நீ இழுக்காமல் இருந்திருந்தால் நான் அடியிலேயே மூச்சு முட்டிச் செத்திருப்பேன். இதை நேரில் சொல்லத்தான் இத்தனை நாள் காத்துக் கிடந்தேன்.

நூரிடம் எல்லாம் சொல், நான் குழாய் விட்டு எடுப்பதையும். அவள் சொன்னால்தான் நீ கேட்பாய்.

சைனல்

துறைமுக ஆஸ்பத்திரி
9 ஜூன்

உங்களுக்கு,

அண்ணன் படகுக்குப் போய்விட்டதால் கடிதத்தை நான்தான் பிரித்தேன். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். நங்கூரத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்துக்கொண்டேன்.

"கையை எடு நூர், எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

அங்கேயே கடிதத்தை உரக்கப் படித்தேன். உங்கள் குழாய் விஷயம் உட்பட எல்லாவற்றையும் படகிலிருந்த ஆண்கள் கேட்டார்கள். மன்னித்துவிடுங்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. "எனக்கும் ரெண்டு நாளா சொட்டு சொட்டாத்தான் வருது" என்று ஒருவர் சொன்னார். பிறகு இன்னொருவர். அண்ணனோடு சேர்த்து மூன்று பேரையும் அழைத்து வந்தேன்.

அண்ணனுக்குக் குழாய் போட்டு ஒரு லிட்டருக்கு மேல் எடுத்தார்கள். இப்போது அறைக்குள் இருக்கிறான். கால்விரல் அசைகிறது. டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. கதவு திறக்கும்வரை என்னால் நகர முடியாது, அதனால்தான் எழுதி அனுப்புகிறேன்.

அம்மா வீட்டு யோசனை யாருடையது என்று வரும் வழியில் அண்ணன் சொல்லிவிட்டான். சாயங்காலம் அங்கே வருகிறேன். அம்மா வீட்டுக்குப் போ என்று என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லுங்கள், கேட்கிறேன்.

நூர்ஹயாத்தி