தொடைக்கொன்றாக இரண்டு ஊசி

14.03.1991
மழை. லீக்ஸ் கறி வைத்தேன், உப்புக் கூடிவிட்டது. தம்பி கோணேசன் வாய் திறக்காமல் சாப்பிட்டான். அவன் மனைவி றஜனி வாய் திறந்தாள்.

“மச்சாள், கடல் தண்ணியிலயோ அவிச்சனீங்கள்?”

இவள் இந்த நாட்டுக்கு வருவதற்கான காகிதங்கள் ஓர் அலுவலகத்தில் இரண்டு வருடம் உறங்கின. அகதிகளாக வந்த எங்கள் ஆட்களின் குடும்பங்களை ஏன் வரவிடவில்லை என்று இப்போது விசாரணை நடக்கிறது. செய்தியில் அடிக்கடி காட்டுகிறார்கள். விசாரணை முடிவதற்குள் இவள் வந்து, மூன்று மாதம் முழுகாமலும் இருக்கிறாள்.

21.03.1991
றஜனியைக் கிளினிக்குக்குக் கூப்பிட்டார்கள். வீட்டில் டேனிஷ் கொஞ்சம் ஒழுங்காகப் பேசுவது நான்தான். கூடப் போனேன்.

இரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி கிருமி. அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை, கிருமி சும்மா குடியிருக்கிறதாம். ஆனால் பிரசவத்தின்போது பிள்ளைக்குத் தொற்றலாம்.

பஸ் ஏறினோம். பிறகு, “பிள்ளைக்கு வருமோ மச்சாள்?”

“இப்ப ஒரு வகுப்பிலை முப்பது பிள்ளையள் எண்டு வை...”

“உதாரணம் வேண்டாம். ஓமோ இல்லையோ?”

தெரியாது என்றேன். முப்பத்துநான்கு வருடம் விஞ்ஞானம் படிப்பித்த வாய்.

இறங்கும்போது சொன்னாள்: “ஒருதருக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சால் பிறகு ஆரும் எங்கட வீட்டில வாய் நனைக்க மாட்டினம்.”

25.03.1991
கோணேசனுக்கு விளங்கியது ஒரே சொல்: செங்கமாரி. அதனால் வீட்டில் எண்ணெய் இல்லை, பொரியல் இல்லை. கீழ்க்காய்நெல்லி அனுப்பச் சொல்லி ஊருக்கு எழுதப் போகிறான். காலையில் அவளை ஜன்னலடியில் நிறுத்தி, கண் மஞ்சளா என்று பார்க்கிறான்.

“மஞ்சள் இல்லை. பொரிச்ச மீன் இல்லாமல் வெளிறிப் போச்சு” என்றாள்.

02.04.1991
றஜனியின் தேத்தண்ணிக் கோப்பையின் பிடியில் பச்சை நூல் கட்டினேன். அவளுக்கென்று தனியாக இருக்கட்டும், அவளுக்கும் நல்லதுதானே என்று. அவள் நூலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குடித்தாள்.

நல்லதுதானே?

09.04.1991
வீட்டில் உள்ள எல்லோருக்கும் பரிசோதனை. கோணேசன் ஊசியைக் கண்டதும் முகட்டைப் பார்த்துத் தேவாரம் சொன்னான். எனக்கு இரத்தம் எடுத்த தாதி, “நல்ல நரம்பு” என்று பாராட்டினாள். ஓய்வுபெற்ற பின் கிடைத்த முதல் பாராட்டு.

18.04.1991
கோணேசனுக்கு எப்போதோ வந்து, தானாகவே போய்விட்டதாம். இனி வராது.

எனக்கு இருக்கிறது.

அறுபத்தொரு வயது. தாயின் வயிற்றிலிருந்தோ சின்ன வயதிலோ வந்திருக்கலாமாம். இவ்வளவு காலமும் என்னோடு பள்ளிக்கூடம் வந்து, என்னோடு ஓய்வும் பெற்றிருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை ஈரலைப் பார்க்க வரச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். றஜனி கதிரையில் இருந்து சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எழுந்து போய் என் கோப்பையில் சிவப்பு நூல் கட்டினாள்.

“இப்ப ஆருக்கு ஆரைப் பயம், ரீச்சர் அம்மா?”

கோப்பையாலும் சாப்பாட்டாலும் இது தொற்றாது என்று டொக்டர் சொன்னதையும் சொன்னேன். சவரக்கத்தி, பல்துலக்கி, இரத்தம் – இவற்றில்தான் கவனம். அவளே கத்தரிக்கோலை எடுத்து இரண்டு நூலையும் வெட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “அறுபது வருசமா உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையோ?”

“உன்னை மாதிரி ஒருத்தி என்ர வீட்டுக்கு வந்ததைத் தவிர.”

இரவு மீன் பொரித்தோம். எனக்குப் பயமில்லையா? இருக்கிறது. அதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

11.06.1991
பிறந்ததும் பிள்ளைக்கு இரண்டு ஊசி போடவேண்டுமாம். ஏன் இரண்டு என்று கோணேசன் கேட்டான். இம்முறை உதாரணத்துக்கு அனுமதி கிடைத்தது. ஒரு ஊசி வெளியிலிருந்து வரும் எதிர்ப்புச் சக்தி, பதில் ஆசிரியர் மாதிரி. கூப்பிட்டவுடன் வருவார், வகுப்பை அடக்குவார், கொஞ்ச நாளில் போய்விடுவார். மற்றது தடுப்பூசி, நிரந்தர ஆசிரியர். பாடம் ஏற மாதக்கணக்காகும், அதுதான் அந்த ஊசியை மறுபடி மறுபடி போடுவது. ஏறினால் நிற்கும்.

“அப்ப ஏன் பதில் ஆசிரியர்?”

“முதல் நாளே வகுப்பு எரிஞ்சு போகாமல் இருக்க.”

19.09.1991
பெண். பிறந்த கையோடு, தொடைக்கொன்றாக இரண்டு ஊசி. வீரிட்டாள். றஜனி அதைவிடப் பெரிதாக அழுதாள்.

பால் கொடுக்கலாமா என்று மருத்துவச்சியிடம் மூன்று முறை கேட்கச் சொன்னாள். மூன்று முறையும் ஓம்.

16.10.1991
நாளைக்கு அடுத்த ஊசி. அருமைநாயகி அக்கா வந்திருந்தா. மூன்று வீடு தள்ளி இருப்பவ.

“முப்பத்தொண்டு கழியாமல் பச்சைப் பிள்ளையை வெளியில கொண்டு போறதோ? என்ன ரீச்சர், நீங்களும் பாத்துக்கொண்டு இருக்கிறியள்.”

பிள்ளை பிறந்த துடக்கு வீட்டில் தேத்தண்ணி குடிப்பதை இந்தக் குளிர் நாட்டில் மன்னிக்கலாமாம். பிள்ளை பஸ் ஏறுவதை மன்னிக்கக்கூடாதாம். நான் ஏதோ மழுப்பத் தொடங்கினேன். றஜனி குறுக்கே வந்தாள்.

“அக்கா, எனக்கு ஹெபடைட்டிஸ் இருக்கு. பிள்ளைக்கு வராமல் இருக்கத்தான் ஊசி. நாளைக்குத் தவறவிடேலாது.”

அருமைநாயகி அக்கா பாதிக் கோப்பையை மேசையில் வைத்தா. கடைக்குப் போகவேண்டும் என்று எழுந்தா.

எனக்கும் இருக்கிறது என்று நான் ஏன் சொல்லவில்லை?

19.10.1991
முப்பத்தொன்றாம் நாள், துடக்குக் கழித்தோம். சொல்லியிருந்த வீடுகளில் பாதிப் பேருக்கு இன்று காய்ச்சல். எங்கள் ஹ்விடோவ்ரே ஊரில் ஒரே நாளில் இவ்வளவு காய்ச்சல் வந்ததில்லை. கோணேசன் மிஞ்சிய வடைகளைப் பார்த்து, “நல்லது, எனக்குக் கூட” என்றான். றஜனி சிரிக்கவில்லை.

“நான் ஏன் மச்சாள் வாயைத் திறந்தனான்?”

என்னிடம் உதாரணம் இல்லை. வந்திருந்தவர்களிடம் போய், எனக்கும் இருக்கிறது என்றேன். அழகரத்தினம் அண்ணை மட்டும் இன்னொரு வடை எடுத்தார்.

08.02.1992
முதல் பல். வீட்டுக்கு வருபவர்கள் இன்னும் குறைவுதான்.

30.09.1992
மத்தியானம் தொலைபேசி. கோல்டிங் ஊரிலிருந்து சுஜீதா என்று ஒரு பிள்ளை. முன்பின் தெரியாது. அழுதுகொண்டே கேட்டாள்.

“றஜனி அக்கா இருக்கிறாவோ? அருமைநாயகி அக்காதான் நம்பர் தந்தவ. அவவுக்கு இருக்கிறதாம் எண்டு சனம் கதைச்சது... எனக்கும் இருக்காம். நாலு மாசம்.”

“பிள்ளை, பயப்படாதையுங்கோ. இப்ப ஒரு வகுப்பிலை...” என்று தொடங்கினேன். றஜனி என் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்து, குழந்தையை என் கையில் தந்தாள்.

“அழாதையுங்கோ. சாப்பிட்டனீங்களோ? முதல்ல அவரிட்டைச் சொல்லுங்கோ, பொரியலை நிப்பாட்ட வேண்டாமெண்டு... ஓம், பால் குடுக்கலாம்... என்ர பிள்ளைக்குப் போன கிழமை இரத்தம் பாத்தது. ஒண்டும் இல்லை. ஊசி நல்லாப் பிடிச்சிருக்காம்.”

நெடுநேரம் கதைத்தாள். சோறு அடிப்பிடித்தது, எடுத்து இறக்கினேன். கடைசியில் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“மச்சாள், சனிக்கிழமை கோல்டிங்குக்குப் போறம். சாப்பாடு அவையின்ர வீட்டிலயாம்.”